ஏரிக்கரை வீடும் குன்றுப் பாதையும்: வாசகர் கேள்வி – பதில்

சிறு நகரங்களில் ஏரிக்கரையோரம் எழும் கொண்டோமினிய அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பற்றியும், அவற்றை ஒட்டியுள்ள பூங்காக் காடுகளில் நடப்பதைப் பற்றியும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவள். பத்தொன்பது ஆண்டுகளாக ஏரியைப் பார்த்த நான்காம் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். அதில் ஆறு ஆண்டுகள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருந்தேன்.

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வுபெற்றுவிட்டோம். ஏரியைப் பார்த்த வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பால்கனியில் நின்று பார்த்ததும் இருவருக்கும் மனம் நிறைந்துவிட்டது. முன்பணம் கொடுப்பதற்கு முன் வேறென்ன பார்க்க வேண்டும்?

பதில்: ஐயா, பால்கனியை எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் தரைக்குக் கீழே இருக்கும் வாகன நிறுத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஏரிக்கரையில் நிலத்தடி நீர் மிக மேலே இருக்கும். அடித்தளம் அந்த நீருக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்த கோடு இருக்கிறதா, தூண்களின் அடியில் பெயின்ட் உப்பியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மூலையில் ஒரு குழி இருக்கும். கசிந்து வரும் நீர் அதில் சேர, மோட்டார் அதை வெளியேற்றும். எத்தனை மோட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்இணைப்பு உண்டா, மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. நான் குடியேறிய மூன்றாம் ஆண்டு, இரவு முழுவதும் மழை கொட்டியது. விடியற்காலை நான்கு மணிக்குக் காவலாளி கதவைத் தட்டினார். டார்ச் விளக்கோடு படிக்கட்டில் இறங்கினேன். கடைசி மூன்று படிகளைக் காணவில்லை. கருப்பாக நீர் நின்றது. ஏரிச்சேற்றின் வாடை மூக்கைத் துளைத்தது. யாருடைய காரிலிருந்தோ வெளியே வந்த கால்மிதி ஒன்று என் முழங்காலில் வந்து மோதியது. குழிக்குள் கைவிட்டுத் துழாவினேன். நீர் உயரும்போது மேலே மிதந்து மோட்டாரை இயக்க வேண்டிய மிதவை, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் சிக்கி அடியிலேயே கிடந்தது. இரண்டாவது மோட்டார் இருந்தது. ஆனால் அதையும் அதே மிதவையோடு இணைத்திருந்தார்கள்! உறையைப் பிடுங்கி எறிந்ததும் மோட்டார் உறுமத் தொடங்கியது. பதினோரு கார்களுக்கு அது காலங்கடந்த உறுமல். ஒவ்வொரு மாதமும் பார்த்துச் சரியாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பராமரிப்பு நிறுவனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்ததாக, ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று நடந்து பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் மலையேறிப் பழகப்போகும் அதே பூங்காக் குன்றிலிருந்துதான் ஓடை இறங்கி வரும். ஓடையோரமாக மேலே போங்கள். மரங்கள் அடர்ந்திருந்தால் மனம் ஆறுதல் கொள்ளலாம். மேலே நிலத்தைச் சமன்படுத்திக்கொண்டிருந்தால், அடுத்த பெருமழையில் அந்த மண் முழுவதும் உங்கள் பால்கனிக்கு முன்னால் வந்து சேரும். வீடு வாங்குமுன் அரைநாள் ஒதுக்கி இந்த நடையை நடந்தவர்கள் எனக்குத் தெரிந்து மிகச் சிலரே. இருபது ஆண்டுகள் வாழப்போகிற இடத்துக்கு அரைநாள் பெரிதா?

மூன்றாவது, நல்ல வெயிலில் ஒரு முறை பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். காற்றடிக்கும் மாலையிலும், விளக்கு வைத்த பிறகும் போய்ப் பாருங்கள். மேற்குப் பார்த்த வீடானால் மாலை நான்கு மணிக்குக் கட்டாயம் போக வேண்டும். வானத்தில் ஒரு சூரியன், தண்ணீரில் ஒரு சூரியன் என்று இரண்டும் சேர்ந்து அறைக்குள் நுழையும். தலைக்கு மேல் வெயில் நிற்கும்போது நீர் மிகக் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்பும். சூரியன் சாயச் சாய அந்த அளவு பெருகிக்கொண்டே போகும். கனமான திரையோ வெளிப்புற மறைப்போ இல்லாமல் அந்த நேரத்தில் அங்கே உட்கார முடியாது.

பத்திரத்தில் பார்க்க வேண்டியவற்றை வழக்கறிஞர் சொல்வார். நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: கட்டடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள கரை யாருடையது என்று கேளுங்கள். பல இடங்களில் அது பொதுநிலம். அப்படி இருந்தால் நான் மகிழ்வேன். எல்லோரும் நடக்கும் கரையைப் பல கண்கள் பார்த்துக்கொள்கின்றன.

கேள்வி: எங்கள் கட்டடத்துக்கும் ஏரிக்கும் நடுவிலிருந்த காலி மனையில் புதிய கட்டடம் எழும்புகிறது. ஏரி இனிமேல் தெரியாது. 'ஏரிக் காட்சி' என்று சொல்லித்தான் எங்களுக்கு விற்றார்கள். சட்டத்தில் இடமில்லையா?

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொய்யான நம்பிக்கை தர மாட்டேன். 1610-இல் இங்கிலாந்தில் ஆல்ட்ரெட் என்பவர், பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய பன்றிக்கொட்டகையின் நாற்றத்தைத் தாங்க முடியாமல் வழக்குத் தொடுத்தார். நாற்றத்துக்காக அவர் வென்றார். காற்றும் வெளிச்சமும் வாழ்க்கைக்குத் தேவை, அவற்றைக் கெடுத்தால் வழக்குப் போடலாம். அழகான காட்சி மகிழ்ச்சிக்குரியதுதான், அதை இழந்ததற்கு வழக்கில்லை என்ற கொள்கை அந்த வழக்கில் சொல்லப்பட்டது. ஆங்கிலச் சட்டமரபைப் பின்பற்றும் நாடுகளில் நானூறு ஆண்டுகளாகப் பெரிதும் அதே நிலைதான். வேறு சட்டமரபுள்ள நாடுகளில் மாறுபடலாம்.

உங்களுக்கு இரண்டு வழிகள் மிச்சம். விற்றவர் எழுத்தில் என்ன வாக்குறுதி கொடுத்தார் என்று தேடுங்கள். விளம்பரத் தாளைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். நகராட்சியின் கட்டட உயர வரம்பு, கரையிலிருந்து விட வேண்டிய இடைவெளி ஆகியவற்றைப் புதிய கட்டடம் மீறுகிறதா என்று வரைபடத்தைப் பெற்றுப் பாருங்கள். இனி வாங்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் ஜன்னலுக்கும் ஏரிக்கும் இடையே ஒரே ஒரு காலி மனை இருந்தாலும், அங்கே கட்டடம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

கேள்வி: இரண்டு குடியிருப்புகளைப் பார்த்தோம். ஒன்றில் மாதப் பராமரிப்புக் கட்டணம் மற்றதில் பாதிதான். குறைந்த கட்டணம் உள்ளதை எடுப்பது தானே புத்திசாலித்தனம்?

பதில்: சகோதரி, கட்டணம் ஏன் குறைவு என்று தெரியாமல் எடுக்காதீர்கள். கொண்டோமினியம் என்றால் வீடு உங்களுடையது. கூரை, தூண், லிஃப்ட், குழாய், அடித்தளம் எல்லாம் எல்லோருடையது. நிலத்தில் உங்களுக்குப் பிரிக்கப்படாத பங்கு இருக்கிறது. பொதுவானவற்றின் தேய்மானத்திலும் அதே போல் பங்கு இருக்கிறது. கூரையின் நீர்த்தடுப்புப் படலம் ஒருநாள் போகும், லிஃப்ட் ஒருநாள் நிற்கும். அந்த நாளுக்காக மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கி வைப்பதுதான் இருப்பு நிதி. கட்டணம் குறைவாக உள்ள இடங்களில் பெரும்பாலும் இந்த ஒதுக்கீட்டைத்தான் வெட்டியிருப்பார்கள். கடைசி மூன்று ஆண்டுகளின் கணக்கையும், சங்கக் கூட்டங்களின் குறிப்பேட்டையும் வாங்கிப் படியுங்கள். 'கசிவு – அடுத்த கூட்டத்தில் பேசலாம்' என்ற வரி மூன்று முறை வந்திருந்தால் அந்த வீடு வேண்டாம்.

கடுமையாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் சர்ஃப்சைடில் 1981-இல் கட்டிய கடற்கரை கொண்டோமினியம் ஒன்று, 12 மாடி. 2021 ஜூன் 24 அன்று, எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்த பின்னிரவில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள். 2018-இலேயே ஒரு பொறியாளர் நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்பு செயலிழந்துவிட்டது, அதன் கீழே கான்கிரீட் சேதமடைந்து வருகிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். பெரும் பழுதுபார்ப்புக்காக உரிமையாளர்களிடம் சிறப்புக் கட்டணம் வசூலிக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோதே கட்டடம் விழுந்துவிட்டது. ஏரியில் கடலின் உப்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் கான்கிரீட்டுக்குள் நீர் புகுந்து கம்பி துருப்பிடித்தால், அந்தத் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். பால்கனியின் அடிப்பாகத்தில் பழுப்புக் கறையோடு மெல்லிய விரிசல் தெரிந்தால், அதைப் பெயின்ட் அடித்து மறைக்க யாரையும் விடாதீர்கள்.

கேள்வி: ஆண்டில் சில நாள்கள் மாலையில் எங்கள் சுவர் முழுவதும் கொசு போன்ற பூச்சிகள் அப்பிக்கொள்கின்றன. மருந்து அடிக்கச் சொல்லிச் சங்கத்தை வற்புறுத்தலாமா?

பதில்: வேண்டாம். அவை கடிக்கும் கொசுக்கள் அல்ல. கைரோனோமிட் என்ற பூச்சியினம். குஞ்சுப் பருவத்தில் ஏரியின் அடிச்சேற்றில் வாழும். ஆக்சிஜன் குறைந்த அந்தச் சேற்றில் மூச்சுவிட, நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அவற்றின் உடலில் உண்டு. அதனால் சிவப்பாக இருக்கும். மீன் வளர்ப்பவர்கள் இரத்தப்புழு என்பார்கள். சிறகு முளைத்து மேலே வந்தபின் சில நாள்களே உயிரோடு இருக்கும். மீனும் தவளையும் தகைவிலான் குருவியும் அவற்றை நம்பி இருக்கின்றன.

அந்தச் சில நாள்களில் ஏரியைப் பார்த்த விளக்குகளை அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாத இடங்களில் வெள்ளை விளக்குக்குப் பதில் மங்கலான மஞ்சள் விளக்கு போடச் சொல்லுங்கள். எங்கள் கட்டடத்தில் முகப்பு விளக்குகளை மாற்றிய ஆண்டே வேறுபாடு தெரிந்தது. செத்து விழுந்தவற்றை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். காய்ந்து பொடியானால் சிலருக்கு மூச்சுத் தொந்தரவு தரும்.

கேள்வி: குளிர் தொடங்கும் பருவத்தில் ஒரு வாரம் ஏரியிலிருந்து அழுகிய முட்டை வாடை வருகிறது. யாராவது கழிவுநீரைத் திறந்துவிடுகிறார்களா?

பதில்: கழிவுநீர்க் குழாயையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில் வந்து தானே போய்விடுகிறது என்றால் ஏரி புரண்டு படுக்கிறது என்று பொருள். வெயில் காலத்தில் வெதுவெதுப்பான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயும் தனித்தனி அடுக்குகளாக நிற்கும். இரண்டும் கலக்காது. அடியில் மக்கும் இலைதழை அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிட, கந்தக வாயு தேங்கும். குளிர் வந்ததும் மேல்நீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்கும். அடிநீர் மேலே வரும். நீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும் என்பதால் குளிர்நாட்டு ஏரிகளில் இந்தப் புரளல் ஆண்டுக்கு இரண்டு முறைகூட நடக்கும். ஏரி இப்படித்தான் தன் அடிப்பகுதிக்கு மூச்சுக்காற்றை அனுப்புகிறது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வாடை ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போனால், அடியில் மக்கும் சரக்கு கூடுகிறது. அடுத்த கடிதம் அதைப் பற்றியதுதான்.

கேள்வி: ஏரி திடீரென்று பச்சைப் பெயின்ட் கொட்டியது போல் ஆகிவிட்டது. என் மகன் நாயோடு தினமும் அங்கே விளையாடுவான். ஆபத்தா?

பதில்: ஆம், ஆபத்து. இதைப் படித்ததும் இருவரையும் கரையிலிருந்து விலக்கி வையுங்கள். பெயின்ட் கொட்டியது போன்ற தோற்றம் நீலப்பச்சைப் பாசியின் அடையாளம். அதில் ஈரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சுகள் இருக்கக்கூடும். நாய்தான் முதலில் மாட்டும், ஏனென்றால் அது நீரைக் குடிக்கும், பிறகு தன் ஈரமான ரோமத்தையும் நக்கும். அந்த நீரைக் கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. ஒரு நீளக் குச்சியை நீரில் விட்டு எடுத்துப் பாருங்கள். தலைமுடி போல இழையிழையாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. குச்சியில் பெயின்ட் பூசியது போல் படிந்தால் உடனே சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். உறுதியாகச் சொல்ல ஆய்வகத்தால்தான் முடியும். அதுவரை ஆபத்து இருப்பதாகவே நடந்துகொள்ளுங்கள்.

ஏன் வருகிறது என்பதற்கு நான் எல்லா சங்கக் கூட்டங்களிலும் காட்டும் புகைப்படம் ஒன்று உண்டு. 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும், எண் 226 என்று குறிக்கப்பட்ட ஒரு சிறு ஏரியை நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். வானிலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி கருநீலம். பாஸ்பரஸ் சேர்த்த பாதி பச்சை. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வாதத்துக்கு அந்தப் படம் பெரும் வலுச் சேர்த்தது.

நம் ஏரிகளுக்கு அந்த பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது? புல்தரைக்குப் போடும் உரம், கசியும் கழிவுநீர், குன்றிலிருந்து அரித்து வரும் மண், கரையில் கூடும் வாத்துகளின் எச்சம். எங்கள் குடியிருப்பில் நீர்விளிம்பு வரை கோரையும் நாணலும் இடுப்பளவு வளர்ந்திருந்தன. கீழ்த்தள வீட்டுக்காரர்கள் சிலர் காட்சி மறைகிறது என்றார்கள். வாக்கெடுப்பு நடந்தது. நான் தோற்றேன். ஒரே காலையில் இயந்திரம் வந்து எல்லாவற்றையும் மழித்துவிட்டுப் போனது. அன்று மாலை கரையில் நின்றபோது, நாணலுக்குள் கூடு வைத்திருந்த சிறு பறவை ஒன்று, கூடு இருந்த இடத்துக்கு மேலே அந்தரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. உட்கார அதற்கு ஒரு தண்டுகூட மிச்சமில்லை. அடுத்த ஆண்டு குட்டைப்புல்லைத் தேடிக் காட்டு வாத்துகள் கூட்டமாக வந்தன. உயரமான புதருக்குள் பகைவிலங்கு பதுங்கியிருக்குமோ என்று அவை அஞ்சும். மழித்த புல்தரை அவற்றுக்கு விருந்து மண்டபம். அதற்கடுத்த கோடையில் பாசி வந்தது. இரண்டு கோடைகள் பிள்ளைகள் யாரும் நீரில் இறங்கவில்லை. மூன்றாம் ஆண்டு, முன்பு மழிக்கச் சொன்னவர்களில் இருவரே என்னோடு சேர்ந்து நாணல் நட்டார்கள். நடுவே இருவர் நடக்கும் அளவுக்கு ஒரு பாதை விட்டிருக்கிறோம். காட்சி வேண்டியவர்கள் அந்தப் பாதையில் போய் நிற்கிறார்கள். நீர் இன்னும் முழுமையாகத் தெளியவில்லை. அடிச்சேற்றில் சேர்ந்துவிட்ட பாஸ்பரஸ் சீக்கிரம் போகாது.

கேள்வி: மழையே இல்லாத நாளில் படித்துறையில் நீர் ஒரு சாண் ஏறி, சற்று நேரத்தில் இறங்குவதைப் பார்த்தேன். கண் ஏமாற்றியதா?

பதில்: ஏமாற்றவில்லை. காற்று நீரை ஒரு கரைப்பக்கம் ஒதுக்கித் தள்ளிவிட்டு நின்றால், தொட்டி நீர் ஆடுவது போல் ஏரி முழுவதும் ஊசலாடும். அதற்குச் செய்ஷ் என்று பெயர். ஜெனீவா ஏரிக்கரையில் 1841-இல் பிறந்த ஃபோரெல் என்பவர் அதை அளந்து விளக்கினார். ஏரிகளைப் பற்றிய அறிவியலுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. ஜெனீவா ஏரி ஒரு முறை ஆடி முடிக்க ஏறத்தாழ 74 நிமிடம் ஆகும். உங்கள் ஏரிக்கு எவ்வளவு என்று கடிகாரம் வைத்துப் பாருங்களேன்.

கேள்வி: எனக்கு 62 வயது. குன்றின் மேல் காட்சிமுனை வரை போய்வர 8 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் என்று பலகை சொல்கிறது. எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு ஏற்றதா?

பதில்: ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்கு 1 மணி 36 நிமிடமும் அரை மணியும் சேர்ந்து இரண்டு மணிக்குச் சற்று மேல். ஆனால் அது உடல் தேறியவர் நிற்காமல் நடக்கும் நேரம். நமக்கு மூன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் மறைவதற்கு எவ்வளவு முன் கீழே இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, திரும்பும் நேரத்தை வீட்டிலேயே எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த நேரம் வந்தால், உச்சி பத்து நிமிட தூரத்தில் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். நான் அப்படித் திரும்பியவள்தான். குன்று மறுவாரமும் அங்கேயேதான் இருந்தது.

ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான், அதுவும் களைப்பும் பேச்சும் சேர்ந்த கடைசி அரை மணியில். இரண்டு நடைகோல்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சிறு சிறு அடியாக வைத்து இறங்குங்கள். ஈரமான வேர் மீது காலை வைக்காதீர்கள், தாண்டி வையுங்கள்; ஈரப்பாறையைவிட ஈரவேர் வழுக்கும். இதயம், ரத்த அழுத்தம் தொடர்பாக மருந்து சாப்பிடுபவரானால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதல் மாதம் ஏரியைச் சுற்றிச் சமதரையில் நடந்து பழகுங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லாமல் போக வேண்டாம்.

கேள்வி: நடந்துவிட்டு வந்தால் காலில் உண்ணி கடித்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய் தடவினால் விழுந்துவிடும் என்கிறார்களே?

பதில்: எண்ணெய், நெருப்பு, நகப்பூச்சு எதுவும் வேண்டாம். கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டித் தலைப்பக்கம் பிடித்து, திருகாமல் நேராக, சீராக இழுங்கள். பிறகு சோப்பும் நீரும் விட்டுக் கழுவுங்கள். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, ஏனெனில் சில நோய்கள் தொற்ற அது பல மணி நேரம் ஒட்டியிருக்க வேண்டும். தேதியைக் குறித்து வையுங்கள். சில வாரங்களுக்குள் காய்ச்சலோ, பரவும் சிவப்புத் தடிப்போ வந்தால் அந்தத் தேதியோடு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு நடக்க முடியாது. காட்டுப்பாதை பக்கத்தில் இருந்தும் அவருக்குப் பயனில்லையே என்று வருந்துகிறேன். ஏரியைப் பார்த்த அறையை அவருக்குக் கொடுப்பதா, வரவேற்பறையாக வைப்பதா என்று வீட்டில் பேச்சு.

பதில்: மகளே, அந்த அறையை அம்மாவுக்குக் கொடு. ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரை ஒப்பிட்டார். பாதிப்பேர் ஜன்னலில் மரங்கள் தெரிந்தன; மற்றவர்கள் ஜன்னலில் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் கட்டிலில் கிடந்த என் கணவரின் கடைசி ஐந்து மாதங்களைப் பார்த்தவள் நான். எனக்கு அது போதும். கட்டிலின் உயரத்தை முதலில் சரிபார். பால்கனியின் கைப்பிடிச் சுவர் கண்மட்டத்துக்கு மேலே இருந்தால் படுத்திருப்பவருக்கு வானம்தான் தெரியும், நீர் தெரியாது. நாங்கள் கட்டில் கால்களுக்கு அடியில் ஒரு சாண் உயர மரக்கட்டைகள் வைத்தோம். முதல் நாள் காலை அவர் என்னை எழுப்பி, "படகு போகிறது பார்" என்றார்.

அப்படி உயர்த்தும்போது கட்டை நகராமல் ஆணியடித்து நிறுத்து. விழாமல் இருக்கப் பக்கவாட்டுத் தடுப்பும் வை.

கேள்வி: எங்கள் பெரிய கண்ணாடிச் சுவரில் பறவைகள் மோதி விழுகின்றன. பருந்துப் படம் ஒட்டியும் பயனில்லை.

பதில்: பருந்துப் படம் ஒன்றைப் பார்த்தால் பறவைகள் அதைச் சுற்றிக்கொண்டு பறக்கும், அவ்வளவுதான். கண்ணாடியில் ஏரியும் வானமும் பிரதிபலிப்பதைத் திறந்தவெளி என்று அவை நம்பிவிடுகின்றன. கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் சிறு புள்ளிகளை ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் பிரதிபலிப்பு மறையாது. இரண்டு வாரத்தில் உங்கள் கண்ணுக்குப் புள்ளிகள் உறுத்தாமல் போய்விடும்.

கேள்வி: எனக்கு வயது பதினொன்று. எங்கள் ஏரி நன்றாகிக்கொண்டு வருகிறதா, கெட்டுக்கொண்டு வருகிறதா என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கண்ணே, இத்தனை கடிதங்களில் உன்னுடையதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். 1865-இல் இத்தாலியில் செக்கி என்ற பாதிரியார், அவர் வானியலாளரும்கூட, கப்பலிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கடலில் இறக்கி எவ்வளவு ஆழம் வரை தெரிகிறது என்று பார்த்தார். இன்றும் ஏரிகளை அப்படித்தான் அளக்கிறார்கள். நீயும் செய்யலாம்.

20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டு ஒன்றை எடுத்துக்கொள். நான்கு கால்பகுதிகளாகப் பிரித்துக் கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை என்று வண்ணம் பூசு. நடுவில் துளையிட்டுக் கயிறு கட்டு. அடியில் கனமாக ஏதாவது தொங்கவிடு, தட்டு மிதக்கக் கூடாது. கயிற்றில் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் அடையாளம் வை. பெரியவர் ஒருவரோடு, மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆழமான இடத்தில் இருக்கும் படகுத்துறைக்கு நண்பகலை ஒட்டிப் போ. நிழல் விழும் பக்கம் தட்டை மெல்ல இறக்கு. கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் குறி. இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு மேலே இழு. மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறி. இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் அளவு. தட்டு தரையைத் தொட்டும் தெரிந்துகொண்டே இருந்தால் இன்னும் ஆழமான இடம் வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே இடத்தில், அதே நேரத்தில் பார். காற்று அடித்ததா, முந்தின நாள் மழையா, நீர் என்ன நிறம் என்பதையும் பக்கத்தில் எழுது. ஒரு நாள் அளவை வைத்து எதையும் முடிவுசெய்யாதே. மழைக்கு மறுநாள் தட்டு சீக்கிரம் மறையும். அன்று ஓடையோரமாகக் குன்றின் மேல் நடந்து போ, எந்த இடத்தில் நீர் கலங்கத் தொடங்குகிறது என்று தேடு. என் நோட்டில் ஒன்பது ஆண்டுகளின் அளவுகள் இருக்கின்றன. முதல் அளவை எடுத்ததும் தேதியோடு எனக்கு எழுதி அனுப்பு. அதே வாரம் நான் எடுத்ததை உனக்கு எழுதுகிறேன்.